தொட்டித் தரையில் வாழும் மீன்களுக்காக

ஜவ்வாது மலைக்கு வந்துபோகும் மீன் வளர்ப்பு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



வேலூர், திருப்பத்தூர், ஆரணி, போளூர், செங்கம், திருவண்ணாமலை என மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடுமுறை நாளில் ஜமுனாமரத்தூருக்கும் அமிர்திக்கும் வருகிறீர்கள். உங்களில் பலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள். கூட வந்தவர்கள் அருவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கண் மட்டும் கல்லிடுக்குக்குப் போகும். மணலோடு மணலாக ஒட்டிக் கிடக்கும் அயிரையைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. குடித்து முடித்த பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்து, நாலைந்து மீன்களை உள்ளே விட்டு, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு பேருந்து ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த மீன்களில் எத்தனை அடுத்த மாதத்தைப் பார்க்கின்றன என்று உங்களுக்கே தெரியும். கடையில் காசு கொடுத்து வாங்கும் கோரிடோராஸ், லோச் வகைகளும் சித்திரை வைகாசியில் இப்படித்தான் போகின்றன. "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பாத்தா கவுந்து கிடக்கு, என்ன சீக்குன்னே தெரியலை" என்று சொல்கிறீர்கள். பல நேரம் அது சீக்கே கிடையாது. ராத்திரி முழுக்க மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. மேலே நீந்தும் மீனெல்லாம் உயிரோடிருக்கத் தரையில் கிடக்கும் மீன் மட்டும் ஏன் முதலில் போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மலைத் தண்ணீரைப் பற்றி ஒன்று. "மேல ஓடைத் தண்ணியில ஆக்சிஜன் சாஸ்தி, அதான் அங்க நல்லா இருக்கு" என்று பலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மட்டத்தில் 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 டிகிரி என்றால் எட்டேகால் மில்லிகிராம். மலைமேல் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் கூடுதலாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காவலூர் வானாய்வகம் இருக்கும் உயரம் ஏறத்தாழ 725 மீட்டர். அந்த உயரத்தில் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் எட்டு சதவீதம் குறைந்துவிடும். எட்டேகாலில் எட்டு சதவீதத்தைக் கழித்தால் மறுபடி ஏழரைதான் வருகிறது. குளிர்ச்சி கொடுத்ததை உயரம் எடுத்துக்கொண்டது. ஆக, காவலூர் பக்கத்து ஓடைத் தண்ணீரும் போளூரில் உங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரும் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளும் திறனில் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஓடை தன்னால் முடிந்த அளவு முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் தொட்டி பாதிதான் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பாதியும் தரைக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆக்சிஜன் தண்ணீருக்குள் நுழைவது மேற்பரப்பு வழியாக. நுழைந்தபின் தானாகக் கீழே இறங்கும் என்று நினைத்தால் அது மிக மிக மெதுவாகத்தான் நடக்கும். காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான். துளிகூட அசையாத தண்ணீரில் அது ஓரடி ஆழம் இறங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நிஜத் தொட்டியில் மீன்களின் அசைவும் சூட்டால் ஏற்படும் சுழற்சியும் கொஞ்சம் கலக்கிவிடுகின்றன. இல்லாவிட்டால் தரை மீன்களின் பாடு இன்னும் திண்டாட்டம்தான். தண்ணீரே புரண்டு போனால்தான் ஆக்சிஜன் கீழே போகும். வேறு வழியே கிடையாது.

பீமன் நீர்வீழ்ச்சிக்குக் கீழே மழைக்காலத்தில் போய் நின்று பாருங்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் எங்கும் இருக்காது. ஒவ்வொரு கல்லிலும் மோதி, உடைந்து, அடியில் இருந்தது மேலே வந்து, மேலே இருந்தது கல்லுக்கடியில் புகுந்து போகிறது. அந்தச் சலசலப்பே காற்று சிறு சிறு குமிழிகளாகத் தண்ணீருக்குள் அகப்படும்போது எழும் ஓசைதான். மலையில் எழும் ஓசைகளை அடுக்கிப் பாடிய மலைபடுகடாம் இந்தச் செங்கம் பக்கத்து நன்னனையும், ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாற்றையும் பாடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். அந்தத் தண்ணீரின் சத்தம் கேட்கும் இடத்தில்தான் நம் அயிரையும் கல்லில் ஒட்டி வாழும் மீன்களும் இருக்கின்றன. பிரவாகம் முதுகின்மேல் ஓடிக்கொண்டே இருக்கும். மீன் அசைய வேண்டியதில்லை; மூச்சு அதைத் தேடி வரும்.

இப்போது உங்கள் வீட்டுத் தொட்டி. மூன்றடி நீளம். ஒரு மூலையில் ஏர் ஸ்டோன் போட்டு, அதன்மேல் வாய் திறந்து மூடும் முதலையோ புதையல் பெட்டியோ வைத்திருக்கிறீர்கள். அந்த மூலையில் குமிழி கொப்பளிக்கிறது. எதிர் மூலையில், பொம்மைக் கோட்டைக்குப் பின்னால், கூழாங்கல்லுக்கு இடையே மூன்று மாதத் தீவனமும் மீன் கழிவும் படிந்து கறுத்துக் கிடக்கிறது. அந்தக் கோட்டையைத் தூக்கிப் பாருங்கள். அழுகிய முட்டை வாடை அடித்தால், அந்தக் கற்களுக்கிடையே ஆக்சிஜன் துளியும் இல்லை என்று பொருள். லோச் மீன் ஒளிந்துகொள்ள விரும்புவதும் அதே இடம்தான்.

குமிழி வந்தால் போதும், காற்று போகிறது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு குமிழி கீழிருந்து மேலே வர ஓரிரு விநாடிதான். அதற்குள் அதிலிருந்து நேரடியாகக் கரைவது கொஞ்சம். குமிழியின் உண்மையான வேலை, போகும்போது அடித்தண்ணீரையும் இழுத்துக்கொண்டு மேலே போய் மேற்பரப்பைக் குலைப்பது. ஆகவே ஏர் ஸ்டோன் பாதித் தண்ணீரில் தொங்கினால் மேல்பாதிதான் புரளும். தரையில் படுத்திருக்க வேண்டும். அதைவிடவும் நல்லது ஸ்பாஞ்ச் ஃபில்டர். சென்னை கொளத்தூர்க் கடைகளிலும் வேலூர்க் கடைகளிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருள் அது. பார்க்க அழகாக இருக்காது என்பதால் பலர் வாங்குவதில்லை. தரைமட்டத்துத் தண்ணீரை உறிஞ்சி மேலே தள்ளுகிற வேலையை அது இரவும் பகலும் செய்யும். மூன்றடித் தொட்டிக்கு இரண்டு முனையிலும் ஒவ்வொன்று வைத்தால் நின்றுபோன மூலையே இருக்காது. பவர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதன் வாய் மேற்பரப்பைச் சிலிர்க்க வைக்கும்படி திருப்பி வையுங்கள். தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுப்பாக ஏதாவது படர்ந்திருந்தால் மேற்பரப்பு அசையவில்லை என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தீவனத்தைத் தூளாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, மையூற்றும் குழாயில் எடுத்துத் தரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மூலையிலும் சொட்டு விடுங்கள். தூள் நகர்ந்தால் அங்கே மீனுக்கு மூச்சு உண்டு. விழுந்த இடத்திலேயே படிந்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருவதே இல்லை.

தரையில் சேரும் அழுக்கைப் பற்றிச் சொன்னேன். அது வெறும் அசிங்கம் மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மீனுக்குப் போட்டியாக ஆக்சிஜனை இழுக்கின்றன. அம்மோனியாவில் இருக்கும் ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அவற்றுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. அதுவும் நீங்கள் தூங்கும் நேரத்தில்தான் நெருக்கடி முற்றும்: செடி வைத்த தொட்டியில் விளக்கு அணைந்தபின் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். விடியற்காலையில் தொட்டியின் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். நீங்கள் எழுந்து பார்க்கும் அந்தக் "கவுந்து கிடக்கு" இப்படி வந்ததுதான். வாரம் ஒருமுறை சைஃபன் குழாயால் கூழாங்கல்லுக்கு இடையிலிருந்து அழுக்கை உறிஞ்சி எடுங்கள். தொட்டியை மொத்தமாகக் காலி செய்து கழுவுவது வேண்டாம். அது நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கழுவிவிடும். தரை மீன் வளர்ப்பவர்கள் கூர்மையான ஜல்லிக்குப் பதில் வழவழப்பான மெல்லிய மணல் போடலாம். தீவனம் இடுக்கில் இறங்காது, மீனின் மீசையும் தேயாது. கோரிடோராசின் மீசை குட்டையாகிக்கொண்டே வந்தால் தரை கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: போர் தண்ணீர். பெரும்பாலான வீடுகளில் அதுதான். நிலத்துக்கடியில் காற்றையே பார்க்காமல் கிடந்த தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். தண்ணீர் மாற்றுகிறேன் என்று மோட்டாரைப் போட்டு நேராகத் தொட்டிக்குள் குழாயை விடுகிறார்கள். மாற்றிய அரைமணியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, உள்ளே ஏர் ஸ்டோன் ஒன்றைப் போட்டு ஒரு நாள் விட்டுவையுங்கள். வேறு மருந்தும் தேவையில்லை, காசும் செலவில்லை. நகராட்சிக் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினும் இதே வழியில் பெரும்பாலும் போய்விடும்.

கோடைக்கு வருகிறேன். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 33, 34 டிகிரிக்குப் போய்விடும். அப்போது லிட்டருக்கு ஏழு மில்லிகிராம்தான் அதிகபட்சம் கரையும். 25 டிகிரியோடு பார்த்தால் கரையும் அளவில் இறங்கியது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம்; பெரிய இழப்பாகத் தெரியாது. ஆனால் பத்து டிகிரி சூடு ஏறினால் மீனின் உடலுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறைகிறது, செலவு இரட்டிக்கிறது. இதற்கு ஐஸ் கட்டியை அள்ளிக் கொட்டுவது கொடுமை. அந்தத் திடீர்க் குளிர்ச்சியே மீனைக் கொல்லும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போட்டு, ஒரு சிறு மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் காற்றுப் படும்படி வையுங்கள். ஆவியாகும் தண்ணீர் இரண்டு மூன்று டிகிரியை இறக்கிவிடும். மேற்பரப்பும் அசையும். கோடையில் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தால் எந்த மீனும் பட்டினியால் சாகாது. வெள்ளைப் புள்ளி நோய்க்காக வேண்டுமென்றே தண்ணீரைச் சூடாக்குகிறவர்கள், சூட்டை ஏற்றுவதற்கு முன்பே இன்னொரு ஏர் ஸ்டோனைப் போட்டுவிடுங்கள். ஃபார்மலின் ஊற்றுவதாக இருந்தாலும் அப்படியே. அது தண்ணீரின் ஆக்சிஜனைக் குறைக்கும் மருந்து.

மின்வெட்டு நேரத்தில் ஏர் பம்ப் நின்றால், பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளில் குழாய் வழியாகத் தண்ணீரே வெளியே வடிந்துவிடும். ஒருவழி வால்வு ஒன்று மாட்டுங்கள். ஏர் பம்ப் மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பது. வீட்டு இன்வெர்ட்டரில் தொட்டி விளக்கை விட்டுவிட்டு பம்ப்பை மட்டும் இணைக்கலாம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ஒரு செம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலே நேரத்தைக் கடத்திவிடலாம். உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் மீன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தரை மீன் எதையும் அதில் போடாதீர்கள். கழுத்துவரை தண்ணீர் நிரப்பிய குடுவையில் மேற்பரப்பு ஒரு சாஸர் அளவுகூட இல்லை.

"அயிரைதான் எதையும் தாங்குமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். சங்கப் பாடல்களிலிருந்து மதுரை உணவகங்கள்வரை அயிரை நம்மோடு வந்திருக்கிறது. சந்தையில் அதை உயிரோடுதான் விற்பார்கள். கொஞ்சம் தண்ணீரில் நூற்றுக்கணக்கான மீன்கள் நெளிந்துகொண்டிருக்கும். காரணம், அயிரைக்குச் செவுள் மட்டுமல்லாமல் குடலும் மூச்சுக்கு உதவுகிறது. மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி, குடல் சுவர் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். 1846-இல் பிரெஞ்சு அறிஞர் வலன்சியென் இந்த அயிரையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது அவர் கையில் இருந்த மீன் திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் பிடிபட்டது. வெந்நீரிலும் வாழ்ந்த இனம் இது. தென் அமெரிக்கக் கோரிடோராசும் இதேபோல் குடலால் மூச்சு விடும். சக்கர் மீன் இரைப்பையால்.

ஆனால் இது அவசரத்துக்கான ஏற்பாடு. ஓடையில் நல்ல தண்ணீர் இருக்கும்போது அயிரை எப்போதாவதுதான் மேலே வரும். உங்கள் தொட்டியில் நிமிடத்துக்கொரு முறை செங்குத்தாக மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே விழுகிறதா? கண்ணாடியில் ஒட்டி மேலே ஏறி நிற்கிறதா? ஃபில்டரின் வாயருகே போய்ப் படுத்துக்கொள்கிறதா? கீழே மூச்சில்லை என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. பலர் இதை விளையாட்டு என்று நினைத்துக் கைபேசியில் படம் எடுக்கிறார்கள். தாங்குகிறது என்பதற்காகத் தாங்க வைக்கக் கூடாது. மேலும், விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கண்ணாடி மூடி போட்டுவிட்டால் அந்தக் கடைசி வழியையும் அடைத்துவிடுகிறோம். மூடிக்குக் கீழே இரண்டு விரற்கடை காற்றுக்கு இடம் விடுங்கள். கல்லில் ஒட்டி வாழும் தட்டையான ஓடை லோச் வகைகளோ வேகமான ஓட்டத்துக்கென்றே உருவானவை. நின்ற தண்ணீரில் அவை விரைவில் மாய்ந்துவிடும். பவர்ஹெட் வைத்து ஓட்டம் கொடுக்க முடியாதவர்கள் அவற்றை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இனி, ஓடையிலிருந்து எடுத்துப் போகிறவர்களுக்கு. ஜவ்வாது மலையின் பல ஓடைகள் ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல. பங்குனிக்குப் பிறகு அருவி நின்று, ஓடை அறுந்து, பாறைப் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். அடுத்த மழைக்கு அந்த ஓடை முழுவதையும் மீன்களால் நிரப்ப வேண்டியவை அந்தப் பள்ளங்களில் ஒதுங்கியிருக்கும் சில மீன்களே. கோடையில் வரும்போது நீங்கள் சுலபமாகப் பிடிப்பதும் அவற்றைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்கும் வரிக்குதிரை லோச் இன்று அழியும் நிலையில் உள்ள இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. அழகுக்காகத் தொட்டிகளுக்குப் பிடிக்கப்படும் மீன் அது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். தரை மீன் வேண்டுமென்றால் பண்ணையில் பெருகும் கோரிடோராஸ் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது.

ஏற்கெனவே கொண்டுபோய் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அந்த மீன்களைத் திரும்ப ஓடையில் விட வராதீர்கள். உங்கள் தொட்டியில் வெளிநாட்டு மீன்களோடு இருந்த அயிரை, அவற்றின் நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் சுமந்துகொண்டு வரும். அதேபோல் வளர்ந்து பெரிதான சக்கர் மீனை ஜமுனாமரத்தூர் படகுத்துறை ஏரியிலோ, செண்பகத்தோப்பு, குப்பநத்தம் அணைகளிலோ விடுவது இன்னும் பெரிய கேடு. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் சக்கர் பரவியது தொட்டிகளில் இருந்து விடப்பட்டதால்தான். ஆக்சிஜன் இல்லாத சாக்கடையிலும் இரைப்பையால் மூச்சு விட்டுப் பிழைத்துக்கொள்ளும் அதன் திறமை, நம் மீன்களுக்கு எமனாகிறது. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த அயிரைகள் உங்களிடமே இருக்கட்டும். மெல்லிய மணல், இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள வழவழப்பான கூழாங்கற்கள், வலை மூடி, மாலையில் விளக்கணைத்த பின் தரையில் விழும்படி கொஞ்சம் தீவனம். இவ்வளவு இருந்தால் சில ஆண்டுகள் நலமாக இருக்கும். எப்படி அமைப்பது என்று சந்தேகம் வந்தால், மழை நின்ற மறுவாரம் ஓடைக்கு வாருங்கள், பாட்டில் இல்லாமல். தண்ணீர் எந்தக் கல்லில் மோதி எந்தப் பக்கம் புரள்கிறது, மீன் எங்கே படுத்திருக்கிறது என்று சேர்ந்தே உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
போளூரிலிருந்து ஒரு மீன் வளர்ப்பவர்